பூசணி பகலில் ஏன் வெளியே வரவில்லை

பூசணி எங்கள் வீட்டுப் பன்றி. வெள்ளை யார்க்‌ஷயரும் லேண்ட்ரேஸும் கலந்த பெட்டை. ஒரு பண்ணையில் அந்த ஈத்தின் கடைசிக் குட்டியாக, பால்காம்பு கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்ததை வாங்கி வந்தோம். கறிக்காக இல்லை, வளர்க்கத்தான். வேலூர் ஜில்லாவில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் கொல்லையில்தான் இருக்கிறாள். மார்புச் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் 69.3-ஆலும் பெருக்கினால் எடை கிலோவில் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்தக் கணக்கில் 80 கிலோவைத் தாண்டிவிட்டாள். வர மாட்டேன் என்று நின்றுவிட்டால் இழுத்து வருகிற உருவம் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் புதுக் கொட்டா போட்டோம். கிழக்குப் பார்த்த வாசல், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. கழுவுகிற தண்ணீர் ஓட வாசலை ஒட்டி ஒரு சின்னக் கால்வாய், அதன்மேல் இரும்புக் கம்பி ஜாலி. வாசலுக்கும் வெளிமண்ணுக்கும் முக்கால் அடி இறக்கம். பூசணிக்கு உள்ளே எல்லாம் பிடித்துவிட்டது. வைக்கோலை மூக்கால் கூட்டிப் படுக்கை போட்டுக்கொண்டாள், நன்றாகத் தின்றாள். காலையில் கதவைத் திறந்தால் மட்டும் வாசல் வரை வந்து, தலையைத் தாழ்த்தி மோந்து பார்த்துவிட்டு, பின்காலாலேயே உள்ளே போய்விடுவாள்.

யோசனைக்கு எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர், "இன்னா தம்பி, பன்னிய போயி தாஜா பண்ணிக்கினு கீற? ரெண்டு நாள் பட்டினி போடு, தானா ஓடியாரும்" என்றார். ஆயா, "எவளோ கண்ணு வச்சிட்டாடா" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டது. இன்னொருவர் பின்னங்காலில் கயிறு கட்டி இழுக்கச் சொன்னார். சந்தைக்குப் பன்றியைக் கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பன்றியை முன்னால் இழுத்தால் பின்னால் போகும், பின்னாலிருந்து தள்ளினால் நம் மேலேயே சாய்ந்து தள்ளும். அப்படி ஒரு தடவை வாசலில் கதற வைத்தால், அதற்கப்புறம் அந்த வாசல் அவளுக்கு உயிர்பயம். கயிறு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சோம்பேறித்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், அவள் உள்ளேயே சாணி போட்டிருந்தாள், அதுவும் படுக்கைக்கு நேர் எதிர் மூலையில். பன்றி அசிங்கமான பிராணி என்று நம்மூரில் பேச்சு, உண்மையில் இடம் இருந்தால் படுக்கிற இடத்தில் அது அசிங்கம் செய்யாது. முடிந்தவரை தள்ளிப் போகும். உள்ளேயே கடைசி மூலையைத் தேடிப் போகிறவளுக்கு வெளியே போக ஆசை இல்லாமல் இருக்காது. ஏதோ தடுக்கிறது.

உடம்பு சரியில்லையா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தார், 102.5 டிகிரி பாரன்ஹீட். பன்றிக்கு அது காய்ச்சல் இல்லை. புதுச் சிமெண்டுத் தரை குளம்பைத் தேய்க்கும், வெடிக்க வைக்கும் என்பதால் நாலு காலையும் விரித்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை, நொண்டல் இல்லை. ஓட்டல் எச்சில் போடுகிறீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். 2020-ல் அஸ்ஸாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து கறிக்கழிவு கலந்த எச்சிலைப் பற்றிப் பன்றி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை உண்டு. போகும்போது, "உடம்புல ஒண்ணும் இல்ல சார், வாசலப் பாருங்க" என்றார்.

வாசலைப் பார்ப்பது என்றால் நம் உயரத்தில் நின்று பார்ப்பது இல்லை. செல்போன் கேமராவை அவள் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒன்றரை அடியில் பிடித்துக்கொண்டு, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று உள்ளிருந்து வெளியே படம் எடுத்தேன். அதற்கு முன்னால், இருட்டின பிறகு கதவைத் திறந்துவைத்துத் தூரத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். ஆச்சரியம், மசங்கின நேரத்தில் பூசணி எந்தத் தயக்கமும் இல்லாமல் வெளியே வந்து, வேலியோரம் மண்ணைக் கிளறிவிட்டு, வேலையை முடித்துவிட்டு உள்ளே போனாள். அதே வாசல், அதே ஜாலி, அதே இறக்கம். மாறினது வெளிச்சம் ஒன்றுதான்.

தகரம்தான் காரணம் என்று அதுவரை சந்தேகம் வைத்திருந்தேன். காலை வெயில் பட்டதும் கூரை விரிந்து டக் டக் என்று சத்தம் போடும். ஆனால் பொழுது சாய்ந்து தகரம் குளிரும்போதும் அதே சத்தம் வரும், அப்போது அவள் பயப்படவில்லையே. ஆகவே சத்தம் இல்லை.

படங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. காலையில் வெயில் தாழ்வாக நேரே வாசலுக்குள் அடிக்கிறது. கம்பி ஜாலி பளிச்சென்று ஒரு கோடு, கறுப்பாக ஒரு கோடு என்று மாறி மாறித் தெரிகிறது, அடியில் தேங்கின தண்ணீர் மின்னுகிறது. நமக்கு அது வெறும் கம்பி ஜாலி. பன்றியின் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 310 டிகிரி சுற்றளவு அதற்குத் தெரியும், ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பரப்பு குறைவு, ஆழத்தைச் சட்டென்று கணிக்க வராது. அதனால் வெளிச்சமும் நிழலும் சேர்கிற கோடு, ஈரத் திட்டு, கால்வாய் மூடி, தரையின் நிறம் மாறுகிற இடம் எல்லாவற்றிலும் நின்று, தலையைத் தாழ்த்திப் பார்க்கும். பூசணிக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. லேண்ட்ரேஸ் ரத்தம் இருப்பதால் காது கண்மேல் கவிழ்ந்திருக்கும், பாதி உலகம் காதுக்குப் பின்னால்தான். பகலில் அவளுக்கு அந்த ஜாலி ஒரு பள்ளம். மசங்கினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், பள்ளமும் மறைந்துவிடுகிறது.

எந்த இடத்தில் நிற்கிறாள் என்று உறுதி செய்ய, உடைத்த கடலைப் புண்ணாக்கை உள்ளிருந்து வெளியே வரிசையாகப் போட்டேன். ஜாலிக்கு இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் காலி. அந்தப் பக்கம் இருந்ததை, பின்னங்கால் இரண்டையும் உள்ளேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பராக நீட்டி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். குளம்பு ஒன்றுகூட ஜாலியில் படவில்லை. கெட்டிக்காரி.

முதலில் ஜாலிமேல் கோணிச் சாக்கை விரித்தேன். கோடு மறைந்தது, ஆனால் சாக்கு குளம்புக்கடியில் வழுக்கினதும் அதையும் நம்பவில்லை. பிறகு ஜாலியை எடுத்துவிட்டு, கல் உடைக்கிறவர்களிடம் ஒரு கருங்கல் பலகை வாங்கிக் கால்வாய்மேல் தரை மட்டத்துக்குப் பதித்தோம். எங்கள் ஜில்லாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கல்லுக்குப் பஞ்சம் வராது. தண்ணீர் போகப் பலகையின் ஓரத்தில் ஒரு விரல்கட்டை சந்து விட்டால் போதும். பலகையின் மேல்பக்கத்தைப் பொளிந்து சொரசொரப்பாக்கினோம். அதன்மேல் கொட்டாவுக்குள்ளிருந்து மண்ணும் பழைய வைக்கோலும் அள்ளிப் பரப்பினேன், அவள் வாடையே அவளுக்குத் தைரியம். முக்கால் அடி இறக்கத்துக்கு மூன்றடி நீளத்தில் மண்ணும் கிராவலும் கொட்டிச் சரிவு கட்டினோம். பன்றி மேட்டில் ஏறுவதைவிட இறங்கத்தான் அதிகம் யோசிக்கும், சரிவு நீளமாக இருந்தால் யோசனை குறையும்.

கண் கூசுவதற்காக வாசலுக்கு வெளியே பச்சை நிழல்வலை கட்டினேன். ஒரு காற்றில் அது தொங்கி, தரையில் ஆடுகிற நிழல் விழுந்ததும் பூசணி பழையபடி நின்றுவிட்டாள். வலையை அவிழ்த்துவிட்டுத் தென்னங்கீற்றைப் போட்டால், கீற்று இடுக்கில் வெயில் பட்டை பட்டையாக விழுந்தது, மறுபடியும் கோடு! கடைசியில் பனை ஓலையை நெருக்கமாக இரண்டு அடுக்கு வேய்ந்ததும்தான் ஒரே சீரான நிழல் கிடைத்தது. கோட்டுக்குத்தான் பயப்படுகிறாள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி எனக்கு வேண்டியதில்லை.

இடம் சரியானதும் பழக்கம் பாக்கி. மசங்கலில் வருகிறாள் அல்லவா, அங்கிருந்து தொடங்கினேன். அவள் தானாக வருகிற நேரத்தில் வெளியே நின்று அலுமினியக் கிண்ணத்தைத் தட்டுவேன், வந்ததும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டு. ஒரு வாரத்துக்குள் சத்தத்துக்கும் கிழங்குக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு தட்டுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகலுக்குள் இழுத்தேன். என்றைக்காவது வாசலில் நின்றுவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருக்க மாட்டேன். மோந்து பார்க்க விட்டுவிட்டு நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். அவசரப்படுகிற ஆள் பக்கத்தில் இருந்தால் பன்றியும் பதறும். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயில் சந்தைக்கு ஆகாத சொத்தையைப் பக்கத்துக் கொல்லையில் கொடுப்பார்கள், வெட்டிப் போட்டால் கிழங்கைவிட அதற்குத்தான் வேகம் அதிகம். காய் மட்டும்தான், செடியும் இலையும் போடக்கூடாது.

மாசி கடைசியில் காலை ஏழு மணி வெயிலில், நான் கிண்ணம் தட்டாமலே, பலகை மேல் நடந்து வந்தாள். பட்டினி போடச் சொன்னவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "நல்லா தின்னு கொழுத்துப் போச்சு, அதான் நடக்குது" என்றார். அவருக்கு எப்படியும் ஒரு காரணம் இருக்கும்.

சித்திரையில் மறுபடியும் வெளியே வராமல் படுத்துக்கொண்டாள். இது வேறு விஷயம். வேலூர் வெயில் 104, 105 என்று போகிற மாதம், பாறைச் சூடு ராத்திரியிலும் இறங்காது. பன்றிக்கு வேர்த்துச் சூட்டைத் தணிக்க வராது. வெள்ளைத் தோல் வெயிலில் வெந்து சிவந்துவிடும். பத்து மணிக்கு மேல் அவள் உள்ளே இருப்பதுதான் சரி, அதைப் போய்த் திருத்த நினைப்பது நம் அசட்டுத்தனம். விடியற்காலையும் ஐந்து மணிக்கு மேலும்தான் இப்போது கதவு திறப்பது. வேப்பமர நிழலில் ஒரு சேற்றுக்குழி வெட்டி விட்டிருக்கிறேன், முழங்கால் ஆழம். வெறும் தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், சேறு மேலே ஒட்டிக்கொண்டு மெதுவாகக் காயும்போது குளிர்ச்சி அதிக நேரம் நிற்கும், வெயிலையும் மறைக்கும். குழி வந்ததிலிருந்து விடியற்காலையில் கூப்பிடவே வேண்டாம். கூரைத் தகரத்துக்கு மேலேயும் ஓலை போட்டாயிற்று.

இன்னும் சில நாள் நிற்கிறாள். கொடியில் காய்கிற புடவை காற்றில் அடித்தால் நிற்பாள், அதனால் கொடியை வீட்டின் அந்தப் பக்கம் மாற்றச் சொல்லி அம்மாவிடம் மனு போட்டிருக்கிறேன். 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருகிறபோது மட்டும் எந்தக் கோடும் கண்ணில் படுவதில்லை, நேரே கேட்டுக்கு ஓடுகிறாள். அதற்காகக் கேட்டின் கீழ்க்கம்பியை இறக்கி வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வேலை மழைக்கு முன்னால். சரிவின் அடியில் தண்ணீர் தேங்கினால் அது வானத்தைக் காட்டி மின்னும், ஜாலிக் கதையே திரும்பி வரும். சரிவுக்கு வலது பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வாழைப் பாத்திக்குத் திருப்பப் போகிறேன். ஆடிக்குள் முடித்துவிட்டால் நல்லது, அதற்கப்புறம் மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காது.