ரூபவாஹினி தெரியுதா?

கொழும்புக்கு வந்த மூன்றாவது வாரம். அலுவலகத் தோழியோடு சுதந்திரச் சதுக்கத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"நான் முதன்முதலில் பார்த்த டிவி இதுதான்" என்றேன். அவர் சிரித்தார். "இந்தியாவில இருந்து வந்த நீங்கள் எங்கட ரூபவாஹினியோ பாத்தனீங்கள்? சும்மா சொல்லாதேங்கோ."

நம்பவில்லை. அது சுருக்கென்று தைத்தது. என் பால்யத்தையே யாரோ பொய் என்று சொன்னது போல இருந்தது.

எங்கள் ஊர் தூத்துக்குடி. 1975லேயே சென்னையில் தூர்தர்ஷன் வந்துவிட்டது என்றாலும் எங்கள் கடற்கரைக்கு அது எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரம் பீதுருதாலகால மலையில் இருக்கிறது. 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயரமான மலை. அங்கிருந்து கிளம்பும் அலை, காற்று அடங்கிய புழுக்கமான சாயங்காலங்களில் கடலைத் தாண்டி எங்கள் மொட்டை மாடிக்கே வந்துவிடும். சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் தெரு ஆண்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கே கடலைப் பார்த்து நின்றன. அப்பா மேலே கம்பத்தைத் திருப்பிக்கொண்டே கத்துவார்: "தெரியுதா?" நாங்கள் கீழேயிருந்து, "புள்ளி புள்ளியா இருக்குப்பா!"

சிங்களச் செய்தியைக்கூட விடாமல் பார்த்திருக்கிறோம், ஒரு வார்த்தை புரியாமல். இடையில் எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் வரும். அன்றைக்குத் தெருவே எங்கள் வீட்டில் இருக்கும். அப்படி ஒரு நாள் பாசமலர். 1961இல் வந்த படம். அதைத் தியேட்டரில் பார்த்து அழுத அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்தில் திரை முழுக்கப் பனி மூடிவிட்டது. அப்பா என்ன திருப்பியும் வரவில்லை. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அத்தை மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சிவாஜிக்கு ஒரு குரல், சாவித்திரிக்கு ஒரு குரல். இரைச்சலடிக்கும் டிவிக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். பிறகு முழுப் படத்தையும் பலமுறை பார்த்துவிட்டேன். அத்தை சொன்ன முடிவுதான் எனக்கு இன்னும் பெரிது.

சரி, கொழும்புக்கு வருகிறேன். இரண்டு வருடமாகிவிட்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வீடு, சன்னலுக்குக் கீழே கடலோர ரயில். கடையில் பிரெட் என்று கேட்பதில்லை, பாண் என்றுதான் வாயில் வருகிறது. காலி வீதிப் பேருந்துகளும் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கேயோ போய்விடுகிறேன். பாசமலர் எடுத்த பீம்சிங்கின் குடும்பப் படங்களில் ஒன்று டிவியில் ஓடினால், வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு, எதிர்வீட்டு அன்ரி கருவேப்பிலை கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தார். எழுபது வயது, யாழ்ப்பாணத்துக்காரர். தோழி சிரித்த கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீங்கள் எங்கட டிவி பாத்தனீங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு உங்கட தூரதர்சன் எல்லோ பாத்தனாங்கள்! கொடைக்கானல்ல இருந்து வரும். ஞாயித்துக்கிழமைப் படம் எண்டால் அம்மா வெள்ளனவே சமைச்சு முடிச்சிடுவா."

அவர்கள் வீட்டு ஆண்டெனா மேற்கே பார்த்து நின்றதாம். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் நேரத்தில் ஒழுங்கையில் ஆள் நடமாட்டமே இருக்காதாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதன் பிறகு அயலவர்கள் காசு சேர்த்து, மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் பார்த்திருக்கிறார்கள். எதை எடுப்பது என்று சண்டை வந்தால் அம்மா சொன்னதுதான் முடிவு. அவர் சொல்வது எப்போதும் சிவாஜி படம்.

நாங்கள் அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தோம், அவர்கள் எங்கள் பக்கம். நடுவில் ஒரு கடல். இதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வயது எண்பத்திரண்டு, காது கொஞ்சம் மந்தம். அன்ரி சொன்னதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்:

"அங்க ரூபவாஹினி தெரியுதா?"

"தெரியுதுப்பா. ஒரு புள்ளிகூட இல்ல."