காசு கொடுத்துத் தடம் பார்த்த ராத்திரி

தொட்டிக்குள் கையை விட்டால் ஆமைக்குஞ்சு விரலில் வந்து முட்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். துடுப்பை அடித்துக்கொண்டே போய் சிமெண்ட் சுவரில் இடிக்கும், திரும்பும், எதிர்ச் சுவரில் இடிக்கும். இலங்கையில், கொழும்பிலிருந்து காலி நகரத்துக்குப் போகும் கரையோரச் சாலையில், ஆமை முட்டைகளை வாங்கிப் புதைத்துக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டும் ஒரு பொரிப்பகத்தில், ஏழு வருஷத்துக்கு முன்னால், நான் அப்படிக் கையை விட்டேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆளுக்கொரு குஞ்சைக் கையில் கொடுத்துக் கடலில் விடச் சொன்னார்கள். அதற்குக் காசு தனி.

வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். நான் அப்படித் தப்பிக்க முடியாது. கல்லூரி நாட்களில் இரண்டு சீசன் சென்னையில் ஆமை நடை போனவன் நான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடப்போம். மாணவர்கள் 1988 முதல் செய்துவரும் வேலை அது. நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. நாய் தோண்டுவதற்கு முன்னால் முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்து வைப்பார்கள். குஞ்சு மேலே வந்ததும் அன்றைக்கே கடலுக்குப் போய்விடும். ஆசையாகத் தொடப் போனால் சீனியர் அண்ணன் ஒருவர், "கையை எடுடா, அது என்ன பொம்மையா?" என்பார்.

ஏன் அன்றைக்கே விட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பொரித்து வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுதான் அதன் கட்டுச்சோறு. அந்தத் தெம்பில் முதல் ஒரு நாள் வெறிபிடித்தாற்போல் நீந்தி, மீனும் பறவையும் காத்திருக்கிற கரையோரத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விடப் பார்க்கும். தொட்டியில் மூன்று நாள் வைத்தால் அந்தக் கட்டுச்சோறு முழுவதும் சிமெண்ட் சுவரோடு தீர்ந்துபோகும். இவ்வளவும் தெரிந்துதான் நான் கையை விட்டேன். சுற்றுலா என்று வந்துவிட்டால் மூளை லீவு போட்டுவிடுகிறது.

இந்தப் பங்குனியில் மனைவியோடு மறுபடி இலங்கை போனேன். வண்டி ஓட்டியவர் அம்பாந்தோட்டைப் பக்கத்துக்காரர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. பொரிப்பகம் எதற்கும் போக வேண்டாம் என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்க காசு குடுத்து முட்டை வாங்கல்லண்டா அது ஒம்லெட்டாப் போகும் தம்பி. அது நல்லமா?"

மறுக்க முடியவில்லை. இலங்கையில் கடல் ஆமைக்கு 1972 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு, முட்டை எடுப்பது குற்றம். ஆனாலும் எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். பொரிப்பகம் இல்லாவிட்டால் பல முட்டைகள் மணலில் இருக்காது, சந்தையில்தான் இருக்கும். சரி, எல்லாப் பொரிப்பகத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று, நானாவை விட்டே மூன்று இடங்களுக்கு போன் போடச் சொன்னேன். ஒரே கேள்விதான்: நேற்றுப் பொரித்த குஞ்சு இன்றைக்கு எங்கே?

இரண்டு இடத்தில், "நிறைய இருக்கு, வாங்க காட்டுறோம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் பேசியவருக்குக் கேள்வியே புரியவில்லை. "கடல்லதான், வேற எங்க?" என்றாராம்.

அங்கே போனோம். பார்க்க ஒன்றுமே இல்லை. மணல், அதில் வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் முட்டை புதைத்த தேதி, எண்ணிக்கை. பாதி மணலுக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல், மீதி வெயிலில். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்திருந்தால் ஆண், அதனால்தான் இரண்டு விதமும் என்று காட்டினார் அங்கிருந்த பையன். பக்கத்துத் தொட்டியில் வலை அறுத்து ஒரு துடுப்பு போன பெரிய ஆமை ஒன்று. தொடலாமா என்று கேட்ட ஒரு குடும்பத்துக்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். "இதுக்கா வந்தோம்?" என்று மனைவி கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

அடுத்து உடவளவை. தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளுக்காக வனஜீவராசிகள் திணைக்களம் 1995-இல் தொடங்கிய இடைத்தங்கல் இல்லம் அங்கே இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். புனலில் ஊற்றி, குழாய் வழியாக வாயில் விடுகிறார்கள். ஒரு குட்டி தன் பங்கைக் குடித்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்கப் பார்த்தது, துரத்திவிட்டார்கள். நாமெல்லாம் தூரத்து மேடையில் உட்கார்ந்திருக்கிறோம். தொடுவது, குளிப்பாட்டுவது, பக்கத்தில் நின்று படம், எதுவும் கிடையாது. பால் முடிந்ததும் குட்டிகள் தம்பாட்டுக்குப் புதருக்குள் போய்விடுகின்றன. நான்கைந்து வயதானதும் காட்டில் விடுகிறார்கள், இதுவரை நூற்றுக்கும் மேல் போயிருக்கின்றன. மனுஷன் பழகிவிட்டால் காட்டுக்குப் போன பிறகு அந்தக் குட்டி ஊருக்குள்தானே வந்து நிற்கும்? அதனால்தான் அந்தத் தூரம். வழியில் வேறொரு இடத்தில் யானையைச் சங்கிலியோடு ஆற்றில் படுக்கவைத்துத் தேங்காய் மட்டையால் தேய்க்க வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். திட்ட வாய் வந்தது. கோயில் வாசலில் பத்து ரூபாய் கொடுத்துத் தும்பிக்கையால் தலையில் ஆசீர்வாதம் வாங்கிய ஊர்க்காரன் நான், பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்து தென்கரையில் மிரிஸ்ஸ என்ற ஊரில், படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது. அந்தப் பக்கம் கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் நீலத் திமிங்கிலம் கிட்டத்திலேயே வருகிறது. பெரிய கப்பல்களும் அதே வழியில்தான் போகின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. படகுகள் 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் படகுக்காரர் நின்றார். மற்ற ஏழெட்டுப் படகுகள் நிற்கவில்லை, நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டன. எங்களுக்குத் தெரிந்தது ஒரு மூச்சு நீர்த்தூண், அப்புறம் வெறும் தண்ணீர். படகில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

கடைசியாக ரேகவ. தங்காலைக்குக் கிழக்கே சின்ன ஊர். இங்கே முட்டையை யாரும் எடுத்து வைப்பதில்லை, ஆமை இட்ட இடத்திலேயே காவல் காக்கிறார்கள். 1990-களில் இந்தக் காவலைத் தொடங்கியபோது வேலைக்கு எடுத்தது முட்டை எடுத்துப் பிழைத்த ஆட்களையே. எந்த மேட்டில் ஆமை ஏறும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கொட்டகையில் உட்காரவைத்தார்கள். டார்ச் கூடாது, போன் உள்ளே. கடற்கரையில் காவலர்கள் நடப்பார்கள், ஆமை ஏறினால் சொல்லி அனுப்புவார்கள். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது, போனாலும் பின்பக்கமாகத்தான். இங்கே அதிகம் வருவது பேராமை. ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் பறிக்கும், நூறு முட்டைக்கு மேல் இடும். கண்ணில் நீர் வழியும், அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுவது.

பத்தரைக்கு ஆள் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். இருட்டுக்குள் ஒரு பாறை மெல்ல அசைந்தது. மணலை இழுக்கும் சத்தம், நடுநடுவே நிஜமாகவே ஒரு பெருமூச்சு. ஈரமணல் தாண்டி இன்னும் நாலு முழம் ஏறியிருக்கும். என் பின்னால் நின்ற யாரோ போனை எடுத்தார்கள். ஃபிளாஷ்கூட இல்லை, திரை வெளிச்சம்தான். பாறை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்பிக் கடலுக்கு இறங்கிவிட்டது.

காவலர் எதுவும் திட்டவில்லை. போன் வைத்திருந்தவரிடம் போய், சிவப்புத் துணி சுற்றிய தன் டார்ச்சால் மணலைக் காட்டினார். டிராக்டர் சக்கரம் போனதுபோல ஏறும் தடம், பக்கத்திலேயே இறங்கும் தடம். நடுவில் குழி இல்லை.

பன்னிரண்டரை வரை காத்திருந்தோம். வேறு எதுவும் ஏறவில்லை. வண்டியில் நானா தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டியதும் எழுந்து, "கண்டீங்களா தம்பி?" என்றார்.

"தடம் பார்த்தோம் நானா."

சாவியைத் திருகிக்கொண்டே சிரித்தார். "அங்க காலி ரோட்டுல எண்டா இந்தக் காசுக்கு நாலு ஆமையத் தூக்கி மடியில வெச்சிருப்பான்."

மனைவி பின்சீட்டில் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள். "நாளைக்கும் எட்டு மணிக்கே வரலாமா?" என்று கேட்டாள்.