முப்பந்தல் காற்றும் வட்டிக் கணக்கும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ். ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "காத்து சும்மாதான கிடைக்கு தம்பி, பெறகு கரண்டுக்கு ஏன் இம்புட்டு காசு?" என்றார் பக்கத்து சீட் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. எரிபொருள் செலவு இல்லை, சரி. ஆனால் கோபுரம், இறக்கை, நிலம் என்று பெரும்பகுதிப் பணம் முதல் நாளே போய்விடுகிறது, அதுவும் கடன். யூனிட் விலையைத் தீர்மானிப்பதில் காற்றின் வேகத்துக்கு இருக்கிற பங்கு வட்டிக்கும் இருக்கிறது. அப்புறம், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. காற்று வேகமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயில் இத்தனை காற்றாலைகள் குவிந்தது அதனால்தான். கொடுமை என்னவென்றால், அந்த அருமையான இடங்களில் பலவற்றைப் பழைய குட்டி இயந்திரங்களே பிடித்து வைத்திருக்கின்றன.

ஒரு காலத்தில் காற்றாலை விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டே தேய்மானச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடிந்தது. பஞ்சாலைக்காரர்கள் காற்றாலை முதலாளிகளானதில் அந்தச் சலுகைக்கும் பங்குண்டு. சீசனில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தில் 'பேங்கிங்' போட்டு, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலம் வந்து, யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கியதும் ஆட்டமே மாறியது.

இவ்வளவையும் சொல்லி நிமிர்ந்தால் வள்ளியூர். அண்ணாச்சி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.