எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் போன பெங்கால்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில் நடந்த ஒரு மோதலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்த குண்டு யாருடைய பீரங்கியிலிருந்து வந்தது என்ற வாதத்திலேயே அது நின்றுவிடுகிறது. எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை. காவல் கப்பலின் வேலை எதிரியை மூழ்கடிப்பதன்று, காக்கப்படும் கப்பலுக்கும் எதிரிக்கும் நடுவே போய் நிற்பது. அந்த வேலையை பெங்கால் என்ற காவல் கப்பல் எப்படிச் செய்தது என்பதையே நான் பார்க்கிறேன்.

பெங்கால், அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்காகச் சிட்னியில் கட்டப்பட்ட கொர்வெட் வகைக் கப்பல், அதாவது சிறிய காவல் போர்க்கப்பல். எடை ஏறக்குறைய 650 டன், வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்). அதில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று, அதுவும் 76 மி.மீ. அளவுள்ளது. ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா தீவுக்குச் சென்றுகொண்டிருந்த ஓண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்கு பெங்கால் ஒன்று மட்டுமே துணை.

நண்பகலை நெருங்கும் நேரத்தில், கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் தென்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டது; 140 மி.மீ. பீரங்கிகளும் டார்பிடோக்களும் கடல் விமானங்களும் கொண்டது. பெங்காலின் தலைவர் வில்சன், ஓண்டினாவைத் தப்பிப் போகும்படி பணித்துவிட்டு, தம் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். அந்தச் சின்னப் பீரங்கிக்கு எதிரியை நெருங்கினால்தான் பயன் உண்டு என்பதால் அதில் துணிச்சலோடு கணக்கும் இருந்தது. ஓண்டினாவும் சும்மா ஓடவில்லை. பின்புறத்திலிருந்த தன் 102 மி.மீ. பீரங்கியால் சுட்டது. இவர்களில் ஒருவருடைய குண்டு ஹோகோகு மாருவின் டார்பிடோ குழாய்கள் இருந்த பகுதியில் பட, தீப்பிடித்து, வெடிமருந்து அறைவரை பரவி, சற்று நேரத்தில் அக்கப்பல் வெடித்து மூழ்கியது.

குண்டுகள் தீரும் நிலையில், முன்புறத்தில் அடிபட்டிருந்த பெங்கால் விலகிச் சென்றது. அதைக் குறை சொல்பவர்களும் உண்டு. சுட ஒன்றுமில்லாத கப்பல் அங்கே நின்று இன்னொரு இலக்காக மாறுவதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும் என்பதே என் கேள்வி.

அதன் பிறகு ஓண்டினா பட்ட பாடு கொடியது. ஐகோகு மாருவின் குண்டுச் சிதறல் பட்டுத் தலைவர் ஹோர்ஸ்மன் இறந்தார். டார்பிடோக்கள் கப்பலின் பக்கத்தைக் கிழித்தன. உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்கள்மீது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். கப்பல் எப்படியும் மூழ்கிவிடும் என்று ஐகோகு மாரு போய்விட்டது. ஆனால் காலியாக இருந்த எண்ணெய்த் தொட்டிகள் அதை மிதக்க வைத்திருந்தன. உயிர் பிழைத்தவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, சாய்ந்த கப்பலை நிமிர்த்தி, நவம்பர் 18 அன்று பிரிமேண்டிலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓண்டினா மூழ்கியிருக்கும் என்று எண்ணிய பெங்கால் அதற்குள் டியேகோ கார்சியாவை அடைந்திருந்தது. வில்சனுக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர் விருது வழங்கப்பட்டது. பெங்கால், விடுதலைக்குப் பின்னும் இந்தியக் கடற்படையில் இருந்து, 1960இல் உடைக்கப்பட்டது.