கேபிளைக் கழற்றிப் பார்த்த நாள்

பல கணினிகளுக்கு வேலைகளைப் பிரித்தனுப்பும் அமைப்பொன்றுக்கு முன்மாதிரி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எந்த நிரல்மொழியில் சீக்கிரம் எழுதி முடிக்கலாம் என்பது ஒன்றே என் கவலையாக இருந்தது. பைத்தானில் மூன்றே நாளில் முடித்தேன். செய்துகாட்டியபோது எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. "இவற்றில் ஒன்று பாதியில் செத்தால் மற்றவற்றுக்கு எப்படித் தெரியும்?" என்று மூத்த சக ஊழியர் கேட்ட பிறகுதான், கணுக்கள் (வேலைகளைப் பெறும் தனித்தனிக் கணினிகள்) என்று நான் பெயரிட்டவை எல்லாம் ஒரே மடிக்கணினிக்குள் ஓடிய நிரல்கள் என்பதும், அங்கே அறுந்துபோக வலையமைப்பே இல்லை என்பதும் உறைத்தது.

அடுத்த முயற்சி எர்லாங்கில். எரிக்சன் நிறுவனத்தில் 1986 முதல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாகி, 1998இல் திறந்த மூலமாக வெளிவந்த மொழி அது. புரோலாக் என்னும் நிரல்மொழியின் சாயல் கொண்ட அதன் காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் ஒரு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தின. ஆனால் செய்தியைப் பெறும் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் சிறு நிரல்) அதே கணினியில் இருந்தாலும் வேறொன்றில் இருந்தாலும் அனுப்புவதற்கு ஓர் ஆச்சரியக்குறியே போதும். தொலைவிலுள்ள கணுவைக் கண்காணிக்க ஒரு வரி போதும்.

ஒரு கணுவின் நிரலை வலிந்து கொன்றேன்; இயங்குதளமே இணைப்பை மூடிவிட்டதால் அதன் மரணச் செய்தி உடனே வந்தது. பிறகு இன்னொரு கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். திரையில் அசைவே இல்லை. எர்லாங்கின் இயல்பமைப்பில், உயிரோடு இருப்பதைக் காட்டக் கணுக்கள் ஒன்றுக்கொன்று அவ்வப்போது அனுப்பும் உயிர்த்துடிப்புக்கான கால அளவு 60 வினாடி என்பதால், மறுமுனை போய்விட்டதென்று அது முடிவுகட்ட 45 முதல் 75 வினாடி வரை ஆகும். அதுவரை என் நிரல், இல்லாத கணுவுக்கு வேலைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட எழவில்லை. பிறகு அவ்வேலைகளை வேறு கணுவுக்கு மாற்றியது. கேபிளை மீண்டும் செருகியபோது, செத்ததாகக் கருதப்பட்ட கணு, துண்டிக்கப்படுமுன் பெற்றிருந்த வேலையைச் செய்துமுடித்து முடிவோடு வந்து நின்றது. ஒரே வேலை இருமுறை நடந்திருந்தது.

பைத்தானிலும் இதைக் கண்டிருக்கலாம்தான். அந்தக் கட்டத்தை எட்டவே கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஏகப்பட்ட சாக்கெட் நிரல்களை எழுத வேண்டியிருந்திருக்கும்.

குழுவினருக்குப் பழக்கமான கோ மொழியில்தான் இறுதி அமைப்பு எழுதப்பட்டது. செய்திகளைக் கடத்தும் அதன் சேனல்கள் ஒரே நிரலுக்குள் மட்டுமே செல்லும் என்பதால், எர்லாங்கில் சும்மா கிடைத்த உயிர்த்துடிப்பை நாங்களே எழுதினோம். அதை ஐந்து வினாடி என வைப்பதா, பத்து என வைப்பதா என்ற வாக்குவாதம் மட்டும் இரண்டு கூட்டங்களை விழுங்கியது. எர்லாங் நிரலில் ஒரு வரியும் மிஞ்சவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் தந்து, அதே எண்ணில் இரண்டாவதாக வரும் முடிவை ஒதுக்கும் ஏற்பாடு, வடிவமைப்பு ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இடம்பெற்றது.