விற்காத விளையாட்டுகளும் வடியாத வெள்ளமும்

வீடியோ கேம் சந்தை நிரம்பி வழிவதைக் காண்பவர்கள், 1983-இல் அமெரிக்காவில் நேர்ந்த வீழ்ச்சி மீண்டும் வரும் என்று எச்சரிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று தரமற்ற விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ்களாக, அதாவது விளையாட்டுக் கருவியில் செருகும் பெட்டிகளாக, கடைகளில் தேங்கின. திருப்பி அனுப்பலாமென்றால், அவற்றை வெளியிட்ட சிறு நிறுவனங்கள் பல திவாலாகியிருந்தன. கடைக்காரர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, நல்ல விளையாட்டை முழு விலைக்கு வாங்க ஆளில்லாமல் போயிற்று. ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் உருவாக்கப்பட்ட ‘இ.டி.’ உள்ளிட்ட கார்ட்ரிட்ஜ்களை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோவில் மண்ணில் புதைத்தது அந்தத் தேக்கத்தால்தான். (2014-இல் அவற்றில் ஒரு பகுதியைத் தோண்டியும் எடுத்துவிட்டார்கள்.)

இன்று தேங்குவதற்குச் சரக்கே கிடையாது. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தளத்தில் 100 டாலர் கட்டினால் எவரும் விளையாட்டை வெளியிடலாம் என்ற முறை 2017-இல் வந்தது. 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்டவை வெளியாயின. விற்காத விளையாட்டு எவருடைய கிடங்கையும் அடைப்பதில்லை என்பதால், இந்த வெள்ளம் தானாக வடியப்போவதில்லை.

இவற்றில் ஒரு வகையை உற்றுப் பார்த்தால் சலிப்புதான் மிஞ்சும். முகப்புப் படம் கண்ணைப் பறிக்கும். உள்ளே போனால், ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கும் அதே மரங்கள், அதே பாழடைந்த வீடு, வேறு விளையாட்டுகளில் நம்மைத் துரத்திய அதே ஜாம்பி. கதவின் கிறீச்சொலிகூட மாறியிருக்காது. ஆயத்தப் பொருள்களைப் பயன்படுத்துவது குற்றமல்ல, நல்ல படைப்பாளிகளும் அதைச் செய்கிறார்கள். வாங்கியதை அப்படியே கொட்டிவிட்டு அதற்கு ஒரு பெயர் வைத்து விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தைத் திரும்பப் பெறலாமே என்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, 14 நாட்களுக்குள் கேட்டால் ஸ்டீம் திருப்பித் தருகிறது, உண்மைதான். ஆனால் அற்ப விலைக்கு வாங்கிய குப்பைக்காக மெனக்கெடுபவர்கள் எத்தனை பேர்? ஒன்றரை மணி நேரத்தில் முடியும் அருமையான சிறு விளையாட்டை முழுவதும் ஆடிவிட்டு, அதே விதியைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறுபவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் அடிபடுவது, பல ஆண்டுகள் உழைத்து ஒரே விளையாட்டைக் கொண்டுவரும் சிறு குழுதான்.

1983 வீழ்ச்சிக்குப் பிறகு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், தன் அனுமதி பெறாத விளையாட்டுகள் தன் கருவியில் ஓடாதபடி பூட்டுச் சில்லு வைத்து, வெளி நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகள் என்று வரம்பும் விதித்தது. அந்த ஏகபோகம் திரும்ப வேண்டாம். ஆயினும், விற்பனையில் பொதுவாக 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் கடை, அதில் ஒரு பங்கைச் செலவிட்டு, புதிதாக வருபவற்றை ஆள் வைத்து ஆடிப் பார்த்துத் தரம் பிரிக்கலாம். இப்போது அந்த வேலையை வாங்குபவர்கள்தான் கைக்காசைப் போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள்.