இரட்டை இறக்கை, இரட்டை வேலை

டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் மாடல் கிட் ஒருவழியாக விமானமாகி வருகிறது. நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர், நாலில் ஒரு பங்கு அளவு மாடலிலேயே 2.23 மீட்டர் வருகிறது. வீட்டில் யாரும் நேராக நடக்க முடியவில்லை.

பால்சா என்ற லேசான மரத்தை ஒட்டுவது, மேலே போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிமை இஸ்திரி போட்டு இழுப்பதெல்லாம் பொறுமை இருந்தால் போதும். உயிரை வாங்குவது மேல் இறக்கைதான். தாங்கு தண்டுகள் துளி சாய்ந்தாலும் இரண்டு இறக்கையின் கோணமும் ஒத்துப்போகாது. பசை வைக்குமுன் கோணமானியால் இரு பக்கமும் அளந்தே தீர வேண்டும். நல்லவேளை, அய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்) கீழ் இறக்கையில் மட்டும்தான்!

இப்போது தலைவலி, குட்டை மூக்கு. பேட்டரியை முன்னால் தள்ளியும் ஈர்ப்பு மையம் பின்னாலேயே நிற்கிறது. கிராம் கிராமாக எடை குறைத்துக் கட்டிவிட்டு மூக்கில் எடைக்காக ஈயத்தைத் திணிக்க மனசே வரவில்லை. கனமான மோட்டார் போட்டுச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?